5 எச்.பி. சோலார் பம்ப் வேண்டுமா, 3 போதுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர், தக்காளியும் முருங்கையும் போடுகிறோம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் 70 அடிக்குப் போய்விடும். இலவச மின்சாரத்துக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறோம், அதுவரை ஆயில் இன்ஜின்தான். போன வாரம் ஒருவர் வந்து, மானியத்தில் 5 எச்.பி. சோலார் பம்ப் வாங்கித் தருவதாகச் சொல்லி, பதிவுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வது, சோலார் பம்புக்கு மானியம் தர மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டமாக இருக்கும். அதன் பெயரில் பதிவுக் கட்டணம் கேட்டு ஏமாற்றுபவர்களைப் பற்றி மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. சிட்டா, அடங்கல், ஆதாரோடு உங்கள் கோட்டத்தின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். பம்ப் விலையில் மத்திய அரசு 30 சதவீதம் தருகிறது, மாநில அரசும் அதற்குக் குறையாமல் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு இன்னும் கூடுதல்.

சரி, 5 எச்.பி. தேவையா? அதை உங்கள் கிணற்றைத்தான் கேட்க வேண்டும். 70 அடியோடு பைப் உராய்வையும் மேலேற்றும் உயரத்தையும் சேர்த்தால் சுமார் 100 அடி, அதாவது 30 மீட்டர். அந்த ஆழத்தில் 3,000 வாட் பேனலுள்ள 3 எச்.பி. பம்ப், நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் இறைக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கிற தண்ணீர் அது. சொட்டுநீர் போட்டால் உங்கள் தக்காளிக்கும் முருங்கைக்கும் தாராளம். இதே பம்பை 230 அடி போர்வெல்லில் இறக்கினால் பாதிகூட வராது.

கோடையில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடினால் கிணறு வற்றுகிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் வற்றுகிற கிணற்றுக்கு 5 எச்.பி. போட்டு என்ன பயன்? மெதுவாக நாள் முழுக்க இறைக்கிற சின்ன பம்பே அதற்குப் பொருத்தம்.

அப்புறம், பேனல் வைக்கும் இடத்தில் காலையிலும் மாலையிலும் போய் நின்று பாருங்கள். ஒரு தென்னை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே மொத்த வரிசையின் மின்சாரமும் குறையும். ஐந்து வருடப் பராமரிப்பு பம்ப் போட்ட நிறுவனத்தின் பொறுப்பு. அதை எழுத்தில் வாங்கி, பழுதானால் கூப்பிட வேண்டிய எண்ணைக் கன்ட்ரோலர் பெட்டியிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.