கோழி, வாத்து, வான்கோழி எல்லாம் ஒரே கொட்டகையிலா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்பத்தூரில் வாடகைக்கு இருந்துவிட்டு இப்போதுதான் திருநின்றவூர் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக் குடி வந்திருக்கிறோம். பின்பக்கம் மூன்று சென்ட் காலியாகக் கிடக்கிறது. மாமியார் நாட்டுக்கோழி போதும் என்கிறார், பிள்ளைகள் வாத்து வேண்டும் என்று அடம், கணவரோ யூடியூப் பார்த்துவிட்டு வான்கோழி, கினிக்கோழி, வாத்து எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக வாங்கி ஒரே கொட்டகையில் விடலாம் என்கிறார். சரிப்பட்டு வருமா? (வாசகி, திருநின்றவூர்)

பதில்: நான் உங்கள் மாமியார் கட்சி. முதல் ஆறு மாதத்துக்கு நாட்டுக்கோழி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி ரகத்தில் எட்டுப் பெட்டை, ஒரு சேவல், அது போதும். கை பழகின பிறகு வாத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வான்கோழியை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கோழியின் குடலில் சாதாரணமாகவே ஒரு சின்னப் புழு இருக்கும், அந்தப் புழுவின் முட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி ஒளிந்துகொண்டு எச்சத்தோடு மண்ணுக்கு வந்து வருடக்கணக்கில் கிடக்கும். கோழிக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே மண்ணைக் கொத்தித் தின்கிற வான்கோழிக்கு ஈரல் புண்ணாகி, கந்தக மஞ்சளில் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். கருந்தலை நோய் என்று பெயர், தடுப்பூசி கிடையாது. கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழி விடாதே என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான். மூன்று சென்ட்டில் இரண்டுக்கும் தனித்தனி மண் எங்கே போவீர்கள்?

வாத்தால் கோழிக்கு நேரடி ஆபத்து குறைவு, தண்ணீரால்தான் வம்பு. வாத்து தலையை முழுக்கத் தண்ணீரில் விட்டு மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய பறவை, தீவனம் ஒரு வாய், தண்ணீர் ஒரு வாய் என்று மாறி மாறித் தின்னும், கோழி குடிக்கிற தொட்டி அரை மணியில் சேறாகிவிடும். அந்த ஈரம் தரையில் பரப்பிய உமியில் இறங்கினால் உள்ளே குனியும்போதே உங்கள் கண் எரியும், அது அம்மோனியா. அப்புறம் கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வர நாளாகாது. பகலில் இரண்டும் ஒன்றாக மேயட்டும், தப்பில்லை. வாத்துக்கான தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகையிலிருந்து தள்ளி, வாழை அடியில் வையுங்கள், கொட்டுகிற தண்ணீர் வாழைக்காவது போகும். இரவில் கண்டிப்பாகத் தனித்தனி. கோழி கம்பில் ஏறி அடையும், வாத்து தரையில் படுக்கும், சேர்த்து அடைத்தால் விடியும்போது வாத்தின் முதுகெல்லாம் கோழி எச்சம்.

இந்த ஜோடிக் கணக்கும் ஆகாது. ஆண் வாத்துக்கு நாலைந்து பெட்டை வாத்தாவது வேண்டும், இல்லாவிட்டால் அது கோழிகள் மேல் ஏறப் பார்க்கும், கோழிக்கு உள்ளே காயமாகிச் செத்தே போகலாம்.

தீவனத்திலும் ஒரு விஷயம். ஐப்பசி கார்த்திகை மழையில் கடலைப் புண்ணாக்கு மூட்டை லேசாகப் பூசணம் பிடித்தாலும் வாத்துக்குஞ்சுக்குக் கொடுக்காதீர்கள், கோழி தாங்குகிற அளவைக்கூட அது தாங்காது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, துருவிப் பார்த்ததில் பிடிபட்டது பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே அப்படித்தான் வெளியே தெரிந்தது.

கினிக்கோழி பாம்பைப் பார்த்தாலும் கத்தும், கூரியர் பையனைப் பார்த்தாலும் கத்தும். மூன்று சென்ட்டில் அடங்கி நிற்கிற ரகமும் அல்ல, பக்கத்து வீட்டு மாமரத்தில்தான் போய் அடையும். புதிதாகக் குடி வந்த இடத்தில் இந்தச் சண்டை தேவையா என்று கணவரிடம் கேளுங்கள்.

கொட்டகைத் தரையை இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள், டிசம்பரில் என்னை நினைத்துக்கொள்வீர்கள். பச்சை நைலான் வலையும் மெல்லிய கோழி வலையும் நாய், கீரிக்கு நிற்காது. அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை அடித்து, ஓரத்தை ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள், ஏனென்றால் கீரி தோண்டும். அதைப் பிடிப்பதோ அடிப்பதோ வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் தடுப்பது ஒன்றுதான் வழி.

கேள்வி: சந்தையில் நாலு கோழி வாங்கி அன்றே கூண்டில் விட்டேன். ஒரே வாரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு, பழைய கோழிகளும் சேர்ந்து செத்துவிட்டன. என்ன மருந்து கொடுத்திருக்கலாம்? (வாசகர், குன்றத்தூர்)

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கேத். வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வார இலவச முகாம் நடத்தும், பக்கத்து கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும், திறந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும், அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்குங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள். வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மருந்தைப் போடுவதும் தண்ணீர் போடுவதும் ஒன்றுதான்.

செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள், குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். கூண்டைக் கழுவி ஒரு மாதம் வெயிலில் காலியாகப் போட்டுவிட்டு அப்புறம் குஞ்சு வாங்குங்கள். இனி எந்தக் கோழி வந்தாலும், மச்சான் வீட்டுக் கோழியாகவே இருந்தாலும், ஒரு மாதம் தனிக் கூண்டு. அதற்குத் தீவனம் வைப்பது கடைசியில்தான், வைத்த கையோடு பழைய கூண்டுக்குப் போகக் கூடாது.

கேள்வி: குஞ்சுகளுக்கு இரவெல்லாம் பல்பு போட்டுத்தான் வைத்தேன், அப்படியும் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்தன. (வாசகர், மேடவாக்கம்)

பதில்: எல்.இ.டி. பல்பாக இருக்கும். அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு 60 வாட் தேடி வாங்குங்கள், இருபத்தைந்து குஞ்சுக்குக் காணும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரம் ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளைப் பாருங்கள்: பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. சித்திரை வைகாசிப் பகலில் சென்னையில் பல்பே வேண்டாம்.

கேள்வி: சேவல் நாலு மணிக்கே கூவுகிறது என்று மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். சேவல் இல்லாமல் கோழி முட்டை இடுமா? (வாசகி, கொளத்தூர்)

பதில்: தாராளமாக இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். சேவலைக் கொடுப்பதா குழம்பு வைப்பதா என்பது உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன்.