ஜேனட் ராங்கின்: இரண்டு உலகப் போர்களுக்கும் ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டவர்

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களில் யாரை மதிக்கிறீர்கள், ஏன் என்பது கேள்வி. பலருக்கும் உடனே கென்னடி பெயர்தான் வாயில் வரும். எனக்கு ஜேனட் ராங்கின். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு இதைச் சொல்லவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

1880-ல் இன்றைய மொன்டானா மாநிலத்தில், மிசூலா ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். உயிரியல் படித்துவிட்டுப் பெண்கள் வாக்குரிமைக்காக ஊர் ஊராக அலைந்தார். 1914-ல் மொன்டானா பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது, 1916-ல் குடியரசுக் கட்சி சார்பில் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நின்று ஜெயித்தார். அப்போது அந்த மாநிலத்துக்கு இரண்டு இடங்கள், தனித்தனித் தொகுதி கிடையாது. ஆளுக்கு இரண்டு ஓட்டு என்பதால், முதல் ஓட்டைத் தனக்கு வேண்டியவருக்குப் போட்டவரும் இரண்டாவதை இவருக்குப் போடலாம். செல்வாக்குள்ள வக்கீலான தம்பி வெலிங்டன் தேர்தல் வேலையைப் பார்த்துக்கொண்டார். நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920-ல்தான், அதாவது ஓட்டே போட முடியாத பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தபோதே ஒரு பெண் சட்டம் இயற்றும் சபைக்குள் போய்விட்டார்.

1917 ஏப்ரல் 2-ல் பதவியேற்பு, அன்று மாலையே அதிபர் வில்சன் வந்து ஜெர்மனி மீது போர் அறிவிக்கக் கேட்கிறார். ஏப்ரல் 6 விடியற்காலை வாக்கெடுப்பு. முதல் முறை பெயர் கூப்பிட்டபோது ராங்கின் பதில் சொல்லவில்லை. முன்னாள் சபாநாயகர் ஜோ கேனன் பக்கத்தில் வந்து, நீ இந்த நாட்டுப் பெண்களின் பிரதிநிதி, ஓட்டுப் போடாமல் இருக்கக் கூடாது என்றாராம். இரண்டாவது முறை எழுந்து, நாட்டோடு நிற்க விரும்புகிறேன், ஆனால் போருக்கு ஓட்டுப் போட முடியாது என்றார். 373-க்கு 50. கூட 49 ஆண்கள் எதிர்த்திருந்தாலும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இவர் அழுதார் என்பதை மட்டும். போரை ஆதரித்த சக உறுப்பினர் லகார்டியாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, என் கண்ணிலேயே தண்ணீர், அவர் அழுதாரா என்று நான் எங்கே பார்த்தேன் என்கிற மாதிரி பதில் சொன்னார்.

அதே ஆண்டு பியூட் நகரத்துச் சுரங்கத் தீயில் 168 பேர் செத்தார்கள், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ராங்கின் அவர்கள் பக்கம் நின்றார். மொன்டானாவில் சுரங்கத் தொழிலை ஆண்ட அனகோண்டா தாமிரக் கம்பெனியைப் பகைத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. அப்புறம் மாநிலத்தை இரண்டு தொகுதியாகப் பிரித்தார்கள், இவர் பங்குக்கு வந்தது ஜனநாயகக் கட்சி பலமாக இருந்த மேற்குப் பகுதி. வேறு வழியில்லாமல் 1918-ல் மேலவையான செனட்டுக்கு நின்று தோற்றார். அதற்கு முன்பு அந்த ஜனவரியில், பெண்கள் வாக்குரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய விவாதத்தைச் சபையில் தொடங்கி வைத்தது இவர்தான். சபையில் ஜெயித்தது, செனட்டில் விழுந்தது. 1919-ல் இரண்டு அவையிலும் நிறைவேறியபோது இவர் உறுப்பினரே இல்லை.

அடுத்த இருபது வருஷம் ஜார்ஜியாவில் ஒரு பண்ணை வீடு, போர் எதிர்ப்பு அமைப்புகளுக்காக வாஷிங்டனில் ஆள் பார்த்துப் பேசும் வேலை. 1940-ல், 60 வயதில், மறுபடி மொன்டானாவில் நின்று ஜெயித்தார். வந்தது பேர்ல் ஹார்பர் மீதான ஜப்பான் தாக்குதல். 1941 டிசம்பர் 8 அன்று பேச எழுந்தால் சபாநாயகர் ரேபர்ன் வாய்ப்பே தரவில்லை. ஜப்பான் மீது போர் அறிவிக்கும் வாக்கெடுப்பு 388-க்கு 1, அந்த ஒன்று இவர். சபையில் ஒரே கூச்சல். வெளியே வந்தவர் ஒரு டெலிபோன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, போலீஸ் வந்துதான் அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டது. மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக இருக்கிறது என்று தந்தி வந்தது. அனுப்பியது அதே தம்பி வெலிங்டன். மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான வாக்கெடுப்பில் ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் பதிந்தார்.

இந்த இரண்டாவது ஓட்டில் எனக்கு உடன்பாடில்லை. அடி விழுந்த பிறகு, எதிரே ஹிட்லரும் இருக்கும்போது, போர் வேண்டாம் என்பது ஒரு வழியே இல்லை. ஆனால் 1917-ல் என்ன நடக்கும் என்று தெரியாமல் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும், 1941-ல் என்ன நடக்கும் என்று அவருக்கு முழுசாகத் தெரியும், பதவி போகும் என்று தெரிந்தே அதைச் செய்தார். அவரை மதிப்பது அதற்காகத்தான். 1942-ல் அவர் போட்டியிடவே இல்லை.

அதற்கப்புறம் காந்தி மேல் இருந்த ஈடுபாட்டால் இந்தியாவுக்குப் பல முறை வந்து போனார். 1968 ஜனவரியில் வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலம் போனார்கள், அந்த அணிக்குப் பெயரே ஜேனட் ராங்கின் படை, முன்னால் நடந்தவர் 87 வயது ராங்கின். அந்த ஆண்டு மூன்றாவது முறையாகச் சபைக்கு நிற்கலாமா என்றுகூட யோசித்தார், உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1973-ல் கலிஃபோர்னியாவில் இறந்தார்.