வேலை இரண்டு, வீடு ஒன்று: கிண்ணியாவா, உவர்மலையா?

கேள்வி: நான் திருகோணமலை வைத்தியசாலையில் தாதி. கணவர் மூதூரில் ஆசிரியர். கிண்ணியாவில் எனக்குச் சீதன வீடு இருக்கிறது. திருகோணமலை நகரத்துக்குள் உள்ள உவர்மலையில் வாடகைக்குப் போகலாமா? எங்களைப் போல இரண்டு சம்பளம் உள்ளவர்களின் தெரிவால்தான் ஊர்கள் இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றனவா?

பதில்: முதலில் வீட்டை முடிவுசெய்வோம். தூரத்தைவிடக் கடமை முடியும் நேரம்தான் முக்கியம். கணவருக்குப் பாடசாலை 1.30க்கு விடும், வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். சிக்கல் உங்களுக்குத்தான். மாலைக் கடமை இரவு 7க்கு முடியும், இரவுக் கடமை 7க்குத் தொடங்கும். ஒரு மாதக் கடமைப் பட்டியலை எடுத்து அந்த நாட்களை மட்டும் குறியுங்கள். பஸ் உண்டா? இல்லாவிட்டால் கூட்டிவர யார் வருவார்? நிலையான ஏற்பாடு இருந்தால் கிண்ணியாவை விடவேண்டாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் உங்கள் ஊர் திருகோணமலை நகரத்துக்கும் மூதூருக்கும் நடுவே, ஒரே வீதியில் இருக்கிறது. உவர்மலைக்கு வந்தால் உங்கள் பயணம் குறையும், கணவருடையது கூடும், வாடகையும் சேரும்.

வாடகைக்குத்தான் போவதென்றால், முற்பணம் மாதாமாதம் கழியுமா, கடைசியில் மொத்தமாகத் திரும்புமா என்பதை உடன்படிக்கையில் எழுதுவியுங்கள். பெரும்பாலும் சண்டை அங்கேதான் தொடங்கும். சீதன வீட்டை விற்காதீர்கள். ஆசிரியருக்கு இடமாற்றம் எப்போதும் வரலாம்.

பிள்ளை இருந்தால் கணக்கே மாறும். தரம் 1 அனுமதியில் அருகில் வசிப்போருக்கே பெரும்பங்கு. கடந்த 5 ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்ததற்குப் புள்ளி. விண்ணப்பிக்கும் ஆண்டில் வீடு மாறினால் அந்தப் புள்ளிகள் குறையலாம்.

இனி இரண்டாவது கேள்வி. அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971 இல் காட்டியது: அக்கம்பக்கத்தில் தம்மவர் கொஞ்சமாவது இருக்கட்டும் என்ற மிதமான விருப்பமே ஊரை முற்றாகப் பிரித்துவிடும். இலங்கையின் கிழக்கில் அதற்கு முன்னரே ஒரு முடிவு நடந்துவிடுகிறது: வீடு பெண்ணுக்கு, பெண்ணின் ஊரில். வேலை பிறகுதான் வருகிறது. அதன்மேல் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் தனித்தனி. அருகில் குடியிருந்தால் அனுமதி என்ற விதி அந்தப் பிரிவை இறுக்குகிறது. இரண்டு சம்பளம் செய்வது வேறு: வைத்தியசாலை, கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் வாடகையை ஏற்றி, ஒற்றை வருமானக்காரரை வெளியே தள்ளுகிறது. அது வருமானப் பிரிவு. அங்கே எல்லா இனத்து உத்தியோகத்தரும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கலாம். உங்கள் தெரிவில் இனப் பிரிவுக்கு அதிகம் கைகொடுப்பது உங்கள் சம்பளங்களல்ல, சீதன வீடும் பாடசாலையும்தான்.