கணுக்கால் சுளுக்கு: ஆபரேஷன் யாருக்குத் தேவை?

கபடி ஆடும்போது பாதம் உள்பக்கமாக மடங்கி, கரண்டை முழுக்க வீங்கிவிட்டது. நீவிவிட்டால் போதுமா, எக்ஸ்ரே எடுக்கணுமா?
*கல்லூரி மாணவர், ஒட்டன்சத்திரம்*

தயவுசெய்து நீவாதீர்கள். லிகமென்ட் (எலும்புகளை இணைத்துக் கட்டும் நார்) கிழிந்த இடத்தை முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். எக்ஸ்ரேக்கு, கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதிகள் இருக்கின்றன. நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலித்தாலோ எடுத்துவிடுங்கள். சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடு ஓரத்தில் துருத்தும் எலும்பையும் அழுத்திப் பாருங்கள். அங்கே ஏற்படும் முறிவைச் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

எம்ஆர்ஐயில் வெளிப்பக்க லிகமென்ட் முழுதாகக் கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. டாக்டரோ ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். நம்பலாமா?
*ஆசிரியை, தஞ்சாவூர்*

நம்பலாம். முழுக் கிழிசலிலும் பெரும்பாலோருக்கு பிரேஸும் (கணுக்காலை மடங்காமல் தாங்கும் உறை) பயிற்சியும் போதும்.

ஆனால் நம் ஊரில் வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுகிறோம். லிகமென்ட் வெறும் கட்டுக்கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. கிழிந்ததும் அந்த உணர்வு மங்கும். கால் திரும்பத் திரும்ப மடங்க அதுவும் ஒரு காரணம். காலையில் பல் தேய்க்கும் நேரம் முழுக்க அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள், ஒரு கை சுவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பழகியதும் கண்ணை மூடி நின்று பாருங்கள். அப்புறம் ரப்பர் பட்டையை மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும் பயிற்சி. இப்படி மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள்.

இரண்டு வருடமாகச் சமதரையில்கூட கால் மடங்குகிறது. பிசியோதெரபி முழுதாக முடித்தும் பலனில்லை. ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?
*கூரியர் ஊழியர், கோவை*

ஆபரேஷன் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஸ்வீடன் மருத்துவர் ப்ரோஸ்ட்ராம் 1966-இல் எழுதிய முறைதான் இன்றும் அடிப்படை: தொய்ந்த லிகமென்ட்டை இழுத்துக் குறுக்கி, வெளிப்பக்க எலும்பில் மறுபடி தைப்பது. 1980-இல் கூல்டு என்ற மருத்துவர், பக்கத்துத் திசுப்பட்டையையும் மேலே சேர்த்துத் தைத்து அதை வலுவாக்கினார். உங்கள் திசு மெலிந்திருந்தாலோ, மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக இருந்தாலோ, தொடையின் பின்பக்கத் தசைநாண் ஒன்றை எடுத்துப் புது லிகமென்ட் செய்வார்கள். குருத்தெலும்பு சேதமாகியிருக்கிறதா என்று ஆர்த்ரோஸ்கோப் (மூட்டுக்குள் நுழைக்கும் கேமரா குழாய்) விட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். வலி அதனாலும் இருக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக இரண்டு வாரம் மாவுக்கட்டு, ஆறாவது வாரம் வரை காலைத் தாங்கும் பூட், அதன்பின் பிசியோ. ஓடியாடும் வேலைக்கு நான்கு மாதமாவது ஒதுக்குங்கள். பாதத்தின் மேல்பக்கம் சிலருக்கு மரத்துப்போகும்; ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஃபுட்பாலில் பாதம் வெளிப்பக்கம் திருகியது. வலி கணுக்காலுக்கு மேலே, இரு எலும்புகளுக்கு நடுவில்.
*பள்ளி மாணவர், நாகர்கோவில்*

இது வேறு காயம். அந்த இரு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் லிகமென்ட் கிழிந்திருக்கலாம். எலும்புகள் விலகியிருந்தால் ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும், தள்ளிப்போட்டால் சிக்கல். காலை ஊன்றாமல் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.