ஹால்ல அடர் நீலச் சாயம் அடிச்சா வீடு இருட்டாயிடுமா?

கொஞ்சம் சாம்பல் கலந்த அடர் நீலம் ஹாலுக்கு அடிக்க ஆசை, வீட்ல எல்லாரும் இருட்டாயிடும்னு பயமுறுத்துறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கோம், டெரஸ் வீடு, நடு லாட்டு, ரெண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டி நிக்கும், வெளிச்சம் முன்னாடி பின்னாடி மட்டும்தான், நடுவுல பகல்லயே லைட் போடணும்.

இருட்டாகுமான்னா, ஆகும் லா. சாயக் கம்பெனிங்க எல்ஆர்வின்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, விழற வெளிச்சத்துல சுவர் எவ்ளோ திருப்பித் தருதுன்னு, கருப்புக்கு 0 வெள்ளைக்கு 100. இந்த மாதிரி நீலமெல்லாம் பெரும்பாலும் 10 பக்கத்துலதான் நிக்கும். அதனால நாலு சுவரையும் அடிச்சுறாதீங்க. வாசல் வெளிச்சம் நேரா வந்து விழற ஒரே ஒரு சுவர், எங்க வீட்ல அது சாமி மேடை இருக்கற சுவர், அத மட்டும் அடிச்சேன், மத்த மூணும் கிரீம்.

அம்மா மொத நாள் பாத்துட்டு "சாமிக்குப் பின்னாடி போய் கருப்பு அடிச்சு வெச்சிருக்கியேடா"ன்னு ஒரே சத்தம். அவங்களுக்கு நீலம்னா தோட்டத்து லயத்துல தீபாவளிக்கு முன்னாடி தாத்தா சுண்ணாம்புல துணிக்குப் போடற நீலத்த கரைச்சு அடிப்பாரே, அந்த வெளிர் நீலம்தான். (அந்த நீலம் அல்ட்ராமரீன், சுண்ணாம்பு அத ஒண்ணும் பண்ணாது. பிரஷ்யன் நீலம் போட்டிருந்தா நிறமே போயிருக்கும், தாத்தாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல.) வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு ஏத்தினாங்க, அதோட சத்தம் அடங்கிருச்சு. வெள்ளைச் சுவருக்கு முன்னாடி பித்தளை இருக்கறதே தெரியாது, இப்ப விளக்கோட தண்டுல இருக்கற வளையம் ஒண்ணொண்ணா எண்ணலாம், சாமந்தி மாலை போட்டுட்டா கேக்கவே வேணாம். ஆனா விபூதித் தூள் பட்டா பளிச்னு தெரியும், வாரம் ஒரு தடவ துடைக்கற வேலை இருக்கு.

உண்மையில பயப்பட வேண்டியது இருட்டுக்கு இல்ல, ஈரத்துக்கு. மொத தடவ அடிக்க வந்த ஆளு சீலர் (சாயத்துக்கு முன்னாடி சுவர அடைக்கற அடிக்கோட்டு) போடாம நேரா சாயத்த ஏத்திட்டுப் போயிட்டாரு, நானும் பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன், கேக்கத் தோணல. மூணு மாசத்துல கீழ் பக்கம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையா உப்பு பூத்து, விரல வெச்சா மாவு மாதிரி ஒட்டுது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி பைப் கசிஞ்சிருக்கு. சிமெண்ட்ல இருக்கற உப்பு ஈரத்தோட வெளிய வந்து காஞ்சு நிக்குது, அவ்ளோதான். பழைய வெள்ளைச் சுவர்லயும் அது வந்திருக்கும், வெள்ளை மேல வெள்ளை யார் கண்ணுக்குத் தெரியும். பைப்ப மாத்தி, சுரண்டி, ஒரு மாசம் காய விட்டு, சிமெண்ட்டோட காரத்த (அல்கலி) தாங்கற சீலர் ஒரு கோட்டு போட்டு அப்பறம்தான் திரும்ப அடிச்சோம். உங்களுது புதுசா பூசின சுவரா இருந்தா 4 வாரமாவது காய விடுங்க.

இன்னொண்ணு, மொத கோட்டு அடிச்சதும் திட்டுத் திட்டா தெரியும், பதறாதீங்க. அடர் கலர் கலக்கற பேஸ்ல, அதாவது கலர் சேக்கறதுக்கு முன்னாடி இருக்கற சாயத்துல, டைட்டானியம்ங்கற வெள்ளைப் பொடி ரொம்பக் கம்மி, அதனால அடியில இருக்கறத சட்டுனு மறைக்காது. அண்டர்கோட்டு சாம்பல்ல போட்டா வேலை குறையும். எங்க சுவர் 12 அடிக்கு 10 அடி, கோட்டுக்கு ஒரு லிட்டர் கணக்குல மூணு கோட்டு போச்சு. பளபளப்பே இல்லாத மேட் (matt) சாயம் எடுக்காதீங்க, கை தேச்ச இடம் மினுமினுன்னு நிக்கும், பளபளப்பும் வேணாம், சுவர்ல இருக்கற மேடு பள்ளம் எல்லாம் வெளிய வந்துரும், நடுவுல லோ ஷீன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் சரி.

கடையில கலர் கார்டு பாத்து முடிவு பண்றது சுத்த வேஸ்ட்டு. அங்க இருக்கறது டியூப் லைட். ஒரு பெரிய அட்டையில ரெண்டு கோட்டு அடிச்சு சுவர்ல சாத்தி வெச்சு, காலைல பாருங்க, மழைக்கு முன்னாடி பாருங்க, முக்கியமா ராத்திரி உங்க வீட்டு பல்புல பாருங்க. எங்க வீட்ல 6500கே (கெல்வின், வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு) வெள்ளை பல்பு இருந்துச்சு, அதுல அந்த நீலம் ஆஸ்பத்திரி மாதிரி சில்லுனு தெரிஞ்சுது, மஞ்சள் வெளிச்சம் தர்ற 3000கே மாத்தினதும்தான் மழை வரதுக்கு முன்னாடி மலை இருக்குமே, அந்த நிறத்துக்கு வந்துச்சு. சாயத்துக்கு முன்னாடி பல்ப மாத்திப் பாக்கறது மலிவு.

மிச்ச சாயத்த தூக்கிப் போடாதீங்க, டின் மூடியில ஒட்டியிருக்கற கலர் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நான் எடுக்கல, ரெண்டாவது தடவ அடிக்கறப்ப அதே நீலத்தக் கண்டுபிடிக்க ஈப்போவுக்கு ரெண்டு நட நடந்தேன்.