ஆன்டிபயாடிக் ஆரம்பித்த ஒரே வாரத்தில் பிளேட்லெட் 12,000-க்கு இறங்குமா?

இறங்கும். நாள் கணக்குதான் முக்கியத் தடயம். மருந்து தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் எண்ணிக்கை சடாரென 20,000-க்குக் கீழே போனால் நோயெதிர்ப்பு வினையைச் சந்தேகிக்க வேண்டும். வான்கோமைசின், கோட்ரைமாக்சசோல், பைப்பராசிலின், ரிஃபாம்பிசின் ஆகியவை அடிக்கடி மாட்டுபவை. (லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேறு கதை; பிளேட்லெட் உருவாகும் எலும்பு மஜ்ஜையை மந்தப்படுத்தி மெதுவாகக் குறைக்கும்.)

மருந்து கூட இருக்கும்போது மட்டும் பிளேட்லெட்டின் மேலுள்ள புரதத்தைக் கெட்டியாகப் பிடிக்கும் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) உருவாகிறது. அப்படிப் பிடிபட்டதை மண்ணீரல் அழிக்கிறது. மருந்து வெளியேறினால் பிடியும் விடும்.

முதலில் ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற பொருள் சேர்த்த குழாயில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி பொய்யாகக் குறைத்துக் காட்டுவதுண்டு. அதற்குப் பதில் சிட்ரேட் சேர்த்த குழாயில் மறுபடி எண்ணலாம். உண்மையான குறைவுதான் என்றால் மருத்துவர் வேறு வகை மருந்துக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள், தொற்று காத்திருக்காது. மாற்றியபின் ஓரிரு நாளில் ஏறத் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வான்கோமைசின் உடலில் தங்குவதால் தாமதமாகும்.

வாய்க்குள் ரத்தக் கொப்புளம், கறுப்பு மலம், கடும் தலைவலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த மருந்தின் பெயரை எழுதிக் கையோடு வைத்திருங்கள். மறுமுறை எடுத்தால் சில மணி நேரத்திலேயே பிளேட்லெட் இறங்கிவிடக்கூடும்.