42,000 சம்பளத்தில் டர்போ கார்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: எனக்கு 26 வயது, மதுரை திருநகரில் பெற்றோருடன் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 42,000. பைக்குக்கு மாதம் 4,200 டியூ, இன்னும் 8 மாதம் பாக்கி. வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் 12,000 மிஞ்சுகிறது. சேமிப்பு 2.3 லட்சம். கூட்டாளிகள் மூன்று பேர் போலோ, ஐ20 என் லைன் என்று ஓட்டுகிறார்கள். எனக்கு 2017 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் ஒன்று 5.75 லட்சத்துக்கு வந்திருக்கிறது. "ஒரு லட்சம் கட்டுங்கள், மீதிக்கு 8 சதவீத வட்டியில் 5 வருடம் டியூ போட்டுத் தருகிறோம்" என்கிறார் பழைய கார் விற்கும் கன்சல்டன்சிக்காரர். இதே மாடல் கர்நாடகா நம்பரில் 4.9 லட்சத்துக்கும் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் எப்படி வாங்குகிறார்கள்? நான் வாங்கலாமா?

பதில்: கூட்டாளிகளிடமிருந்தே தொடங்குவோம். 26 வயதில் சம்பளத்தை மட்டும் நம்பி டர்போ கார் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து இழுவையைக் கூட்டும் வகை, நீங்கள் பார்த்த டிஎஸ்ஐயும் அதுதான்) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பலருக்குக் கார் அப்பாவின் கடை பெயரில் இருக்கும். தொழில் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம் (வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் 7.5), கடன் வட்டியும் செலவில் போகும். சம்பளக்காரருக்கு இந்த இரண்டும் கிடையாது. இன்னும் சிலருக்குச் சீட்டு எடுத்த பணம், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அனுப்பியது, அம்மாவின் நகையை வைத்து வாங்கியது. நகைக் கடன் வட்டி, கார் கடன் வட்டியை விடக் குறைவாக இருக்கும்தான். ஆனால் பல இடங்களில் வருட முடிவில் வட்டி முழுவதையும் கட்டி மாற்றி வைக்க வேண்டும். அந்த மாதத்தில்தான் காருக்கு டயரும் தேய்ந்திருக்கும்.

இன்னொரு வழியும் ஓடுகிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். கடன் பாக்கி உள்ள வண்டியை ஆர்சி மாற்றாமல், "டியூவை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்" என்று ஓப்பன் லெட்டரில் (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட தாளில்) கைமாற்றுவது. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் ஆர்சியில் பெயர் விற்றவருடையது. அவருடைய வேறு கடனுக்காக வண்டி முடங்கினால் நீங்கள் கேட்க முடியாது. விபத்தில் இன்சூரன்ஸ் பணமும் உங்கள் பெயருக்கு வராது. விற்பவருக்கும் இது ஆபத்து: ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி அந்த "8 சதவீதம்". அது ஃபிளாட் வட்டி. 4.75 லட்சத்துக்கு வருடம் 8 சதவீதம் என்று 5 வருடத்துக்கும் முழுத் தொகை மேலேயே போடுவார்கள்: வட்டி 1,90,000, மொத்தம் 6,65,000, மாத டியூ 11,083. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி குறையாது. மீதி அசலுக்கு மட்டும் வங்கி வட்டி போடும் குறையும் இருப்பு (ரெட்யூசிங்) முறையில் இது 14 சதவீதத்தைத் தாண்டும். யார் கடன் கொடுத்தாலும் ஒரே கேள்வி போதும்: "ரெட்யூசிங்கில் எத்தனை சதவீதம்?" பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வட்டி நிலையான கடன் என்றால், முன்கூட்டியே முடிக்க எத்தனை சதவீதம் கட்டணம் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

டியூ கட்ட முடியுமா என்று மட்டும் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிற்கும் காருக்குத்தான் டியூ மட்டும் செலவு. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால் இந்த போலோவுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். ஊருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் 6,800. இன்சூரன்ஸ் வருடம் 17,000 வரை, மாதத்துக்கு 1,400. வருட சர்வீஸ், சில்லறை வேலைகளுக்கு மாதம் 1,200. நாலு டயர் 30,000 ரூபாய்க்கு மேல், 40,000 கிலோமீட்டர் தாங்கினால் மாதம் 650. எட்டு வயது தாண்டிய டர்போ வண்டிக்கு ரிப்பேர் நிதி என்று தனியாக 2,500. ஆக 12,550. இதோடு கார் டியூ 11,083, பைக் டியூ 4,200 சேர்த்தால் 27,833. மீதி 14,167-ல் வீட்டுக்குக் கொடுப்பது, போன், சாப்பாடு, கல்யாண மொய், கையிருப்பு எல்லாம். வீட்டு வாடகை இல்லாததால் மூச்சு விடலாம், ஆனால் கியர்பாக்ஸ் ஒரு முறை மக்கர் செய்தால் பெர்சனல் லோன்தான்.

வாடகை இல்லாதவருக்கு நாங்கள் வைக்கும் எல்லை: டியூக்கள் எல்லாமும் ஓட்டும் செலவும் சேர்ந்து சம்பளத்தில் பாதி. உங்களுக்கு 21,000. அதில் 12,550 போனால் டியூவுக்கு 8,450. இன்று வாங்கினால் பைக் டியூ போக 4,250-தான் மிஞ்சும். ரெட்யூசிங் 13 சதவீதத்தில் 3 வருடக் கடன் என்றால் லட்சத்துக்கு 3,369 டியூ, ஆக 1.25 லட்சத்துக்கு மேல் கடன் தாங்காது. சேமிப்பில் 75,000-ஐத் தொடாமல் வைத்தால் உங்கள் கார் 2.8 லட்சத்துக்குள். எட்டு மாதம் பொறுத்தால் பைக் டியூ முடியும், சேமிப்பு 3.26 லட்சத்தைத் தொடும். அப்போது 2.5 லட்சம் கைப்பணம், 2.5 லட்சம் கடன், டியூ 8,424. அதாவது 5 லட்சம் கார். பெயர் மாற்றம், வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ் இரண்டும் அந்த 5 லட்சத்துக்குள்ளேயே அடங்க வேண்டும்.

அதே 2.5 லட்சக் கடனை 5 வருடத்துக்கு இழுத்தால் டியூ 5,688-ஆகக் குறையும், வட்டி 53,000-லிருந்து 91,000 ஆகும். பணத்தை விட இன்னொரு சிக்கல் உண்டு: கடன் முடியும்போது காருக்கு 10 வயது, சில இடங்களில் 12 வயது தாண்டக் கூடாது என்று பல வங்கிகள் வைத்திருக்கின்றன. 2017 வண்டிக்கு வங்கி கையை விரித்து, தனியார் பைனான்ஸ் மட்டும் முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எந்த வண்டி? நீங்கள் பார்த்த ஜிடி டிஎஸ்ஐ ஓட்ட அருமையானது, மறுக்கவில்லை. 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ, 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் இழுவை. சிக்கல் அதன் டிஎஸ்ஜி என்ற 7 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் ஆயிலில் மூழ்காத உலர் வகை. கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் மே மாத வெயிலில் அரை அடி அரை அடியாக நகரும்போது, பிரேக்கிலிருந்து காலை எடுத்து எடுத்து வைப்பதில் கிளட்ச் பாதி பிடிப்பிலேயே உரசி, சூடேறித் தேய்கிறது. அடுத்தது மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. அது போனால் ஒற்றைப்படை கியரோ இரட்டைப்படை கியரோ மட்டும் விழும், மீட்டரில் கியர் எழுத்து மின்னும். மாற்றுச் செலவு லட்சத்தைத் தாண்டும். அந்த நாள் வரும் என்பதற்குத்தான் மேலே 2,500 போட்டோம். 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவில் (110 பிஎஸ்) இந்த டிஎஸ்ஜி இல்லை, 6 கியர் மேனுவலும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாக விசையைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக்கும்தான். 2022-ல் போலோ விற்பனையே நின்றதால் விலையை இறக்க மாட்டார்கள், உங்கள் 5 லட்சத்துக்குள் நல்ல வண்டி அமைவது கஷ்டம்.

எட்டு மாதம் கழித்துத் தேட எங்கள் தேர்வு பலேனோ ஆர்எஸ், 2018-க்குப் பிந்தையது. 1.0 லிட்டர் டர்போ, 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், 5 கியர் மேனுவல், எடை 950 கிலோவை ஒட்டி. பவர் காகிதத்தில் கொஞ்சம் குறைவு, வண்டி லேசு என்பதால் ரோட்டில் அது தெரியாது. பாடி, சஸ்பென்ஷன் பாகங்கள் பெரும்பாலும் சாதாரண பலேனோவுடையவை, எந்த ஊரிலும் கிடைக்கும். இன்ஜின் டர்போ பாகங்களுக்கு மட்டும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டி வரும். டர்போதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் 2018-க்குப் பிந்தைய ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல். சிரிக்காதீர்கள். 900 கிலோவுக்கும் குறைவான எடையில் அது அழகர்கோவில் ரோட்டு வளைவுகளில் தரும் சுகம் தனி. தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான) பிரீமியத்திலும் ஆர்எஸ்ஸுக்கு ஒரு சின்ன லாபம்: 2022 ஜூனில் அறிவித்த விகிதத்தில் 1000 சிசி வரை வருடம் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416. ஆர்எஸ் 998 சிசி, அந்த ஜிடி 1197.

கர்நாடகா நம்பர் வண்டியின் 85,000 வித்தியாசம் பார்வைக்குத்தான். அங்கிருந்து படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி, மறுபதிவு, அலைச்சல். அங்கே கட்டிய வரியில் திரும்ப வேண்டிய பங்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வித்தியாசத்தில் பெரும்பகுதி இதிலேயே கரையும்.

புதுக் கார் ஆசை இருந்தால் தமிழ்நாட்டு ஆயுள் வரியில் ஒரு படி இருக்கிறது, கால் தடுக்கும். 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700. 10.1 லட்சம் காருக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு வரியில் மட்டும் 53,000 கூடும். ஒரு சன்ரூஃப் ஆசையில் இந்தப் படியைத் தாண்டுபவர்கள் நிறைய.

வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆறிய இன்ஜினில் முதல் இரண்டு மூன்று விநாடி சலங்கை குலுக்குவது போலச் சத்தம் வந்து நின்றால், அந்த ஜிடி வண்டியில் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டதும் நீலப் புகை என்றால் டர்போ வழியாக ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் கரித் தார் படிந்திருந்தால் ஆயில் நேரத்துக்கு மாற்றப்படவில்லை. டர்போவுக்கு அதை விடப் பெரிய கெடுதல் இல்லை.

ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிடத்தில் முடிகிற வேலையல்ல. மாலை நெரிசலில் இருபது நிமிடம் ஊருக்குள் ஊர்ந்து கியர்பாக்ஸைச் சூடேற்றுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். பிறகு நத்தம் மேம்பாலம் ஏறுங்கள், 7.3 கிலோமீட்டர் தடையில்லாத ரோடு. மூன்றாவது கியரில் 40-லிருந்து 60-க்கு அழுத்தும்போது இழுவை நடுவில் செத்துவிடாமல் சீராக வர வேண்டும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்காமல் விடாதீர்கள். 2015, 2023 டிசம்பர் மழைகளில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து ஊர் ஊராகப் போகின்றன. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஓர் அடியை யாரும் துவைப்பதில்லை, சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட்டுக்கு அடியில் போல்ட் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்பெட்டைத் தூக்கினால் வரும் நாற்றம் இவையும் காட்டிக்கொடுக்கும். அடிபட்டுப் பட்டி போட்ட இடத்தைப் பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் சொல்லும்: கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான், 300-க்கு மேல் என்றால் உள்ளே பட்டி.

ரீமேப் செய்த (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றிய), சைலென்சர் மாற்றிய வண்டி "கூடுதல் பவர்" என்று அதிக விலைக்கு வரும். அதற்குக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். கிளட்சும் டர்போவும் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். சொல்லாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை நிராகரிக்க முடியும். சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உரிமையாளருக்குத்தான்.

விலை படிந்ததும் அட்வான்ஸாக 5,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு எச்பி (வண்டி மேல் கடன் இருப்பதன் பதிவு), இன்சூரன்ஸ் தேதி பாருங்கள், இ-செலான் பாக்கியையும் தேடுங்கள். எச்பி இருந்தால் கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் பைனான்ஸின் தடையின்மைச் சான்றும் வந்து எச்பி கேன்சல் ஆன பிறகே மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவர் உங்கள் கண்முன் கையெழுத்துப் போடட்டும், வெற்றுத் தாளில் வேண்டாம். டிஎன் 58, 59, 64 என எந்த மதுரை நம்பரானாலும் இதே முறைதான். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதைத் தாண்டினால் தேர்ட் பார்ட்டி ஓடும், உங்கள் வண்டிச் சேதத்துக்கு மல்லுக்கட்ட வேண்டும். "50 சதவீத நோ கிளைம் போனஸ் இருக்கிறது" என்று விற்பவர் சொல்வதை விலையில் சேர்க்காதீர்கள். கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி அவரோடு போய்விடும், உங்களுக்குப் பூஜ்யத்திலிருந்துதான். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பம்பர் டூ பம்பர் பாலிசி (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காதது) எல்லாக் கம்பெனியும் தராது. இல்லாவிட்டால் பம்பர் உடைந்தால் பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் வரும், மீதிப் பாதி உங்கள் கையிலிருந்து. தொடாமல் வைக்கச் சொன்ன 75,000 இதற்கெல்லாம்தான்.